சார்ஜ் ஏறவில்லையா? தலையா, கேபிளா, துளையா என்று பிரித்துப் பார்க்கும் வழி

சார்ஜ் கோளாறு என்று வந்தால் தேட வேண்டிய இடம் மூன்றுதான்: சுவரில் செருகும் சார்ஜர் தலை, நடுவில் ஓடும் கேபிள், கைப்பேசியின் அடியில் இருக்கும் துளை. பேட்டரியைக் கடைசியில் சந்தேகித்தால் போதும். ஆனால் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் கைப்பேசிக் கடைக்கு வருகிறவர்களில் பலர் "பேட்டரி போச்சுண்ணே" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பேட்டரிக்குக் காசைக் கொட்டிவிட்டு, அப்புறமும் சார்ஜ் ஏறாமல் நிற்பதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. நல்ல கேபிள் ஒன்றை எடுத்துச் செருகிப் பார்த்திருந்தாலே அங்கே விஷயம் முடிந்திருக்கும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் தலையையும் சேர்த்து மாற்றிவிட்டால் சார்ஜ் ஏறும், சரி, ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. கெட்டதை மறுபடி இழுப்பறையில் போட்டு வைப்பீர்கள். அடுத்த மாதம் அதையே எடுத்துப் பிள்ளையின் கைப்பேசியில் செருகுவீர்கள். முதலில் கேபிளை மட்டும் மாற்றுங்கள். பிறகு பழைய கேபிளோடு தலையை மட்டும். பிறகு அதே தலை, அதே கேபிளில் வேறொரு கைப்பேசி. இதைச் செய்து முடித்தால் குற்றவாளி யார் என்பது அநேகமாகத் தெரிந்துவிடும். இனி உங்கள் கைப்பேசி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துக் கீழே படியுங்கள்.

சுத்தமாக ஏறவே இல்லை

முதலில் சுவர் சுவிட்ச். மலேசிய வீடுகளில் மூன்று முள் பிளக்குக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும். சாமி அறை விளக்குக்கும் மீன் தொட்டிக்கும் சேர்த்து ஒரே நீட்டிப்புப் பலகை ஓடும் வீட்டில், யாராவது எதையாவது அணைக்கும்போது இதுவும் அணைந்துபோகும். அதே பலகையில் வேறு ஒரு பொருளைச் செருகிப் பாருங்கள்.

அங்கே மின்சாரம் இருக்கிறது, கேபிளும் வேறு கைப்பேசியில் வேலை செய்கிறது என்றால் துளையைப் பாருங்கள். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கும் கைப்பேசிக்குள் துணித்தூசி போகும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அந்தத் தூசியை நாமே உள்ளே தள்ளி, பின்சுவரில் அமுக்கி வைக்கிறோம். மாதக்கணக்கில் அது இறுகிச் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிடும். இதற்கு அடையாளம் ஒன்று உண்டு. கேபிளின் முனை முழுதாக உட்காராது. கைப்பேசிக்கும் முனைக்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி தெரியும், செருகும்போது 'டிக்' என்ற பிடிப்பும் இருக்காது.

கைப்பேசியை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்து, மரப் பல்குச்சியை இன்னும் மெல்லியதாகச் சீவிக்கொள்ளுங்கள். டைப் சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். மின்தொடர்பு எல்லாம் அதில்தான், அதை நோண்டக் கூடாது. நாக்குக்கு மேலும் கீழும் உள்ள சந்தில் குச்சியை ஆழம்வரை விட்டு, வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். முதல் இழுப்பில் கொஞ்சம் நூல் வரும். அப்புறம் முழுக் கட்டியும் பெயர்ந்து வரும். பழைய ஐபோனின் லைட்னிங் துளையில் நாக்கு கிடையாது, உள்ளே காலியாக இருக்கும். அங்கே சுத்தம் செய்வது இன்னும் சுலபம். ஊசி, குண்டூசி, ஹேர்பின் எதுவும் வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ஆட்டினால் ஏறுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது

கேபிளுக்குள் கம்பி அறுந்திருக்கலாம், துளை தளர்ந்திருக்கலாம். கேபிளை மேசையில் நேராகக் கிடத்தி, சார்ஜ் ஏறும்போது முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி மெல்ல வளையுங்கள். மறுமுனையிலும் அப்படியே. வளைக்கும்போது சார்ஜ் போய்ப் போய் வந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. எந்தக் கேபிளைச் செருகினாலும் முனை ஆடுகிறது என்றால் துளை. அதைக் கடையில்தான் பார்க்க வேண்டும்.

டைப் சி-யில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. தேயக்கூடிய சிறு வில் தகடுகளைக் கைப்பேசியில் வைக்காமல் கேபிளின் முனையில் வைத்திருக்கிறார்கள். தேய்ந்தால் கேபிள்தான் போகும். 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது அதன் தர அளவு. நாளுக்கு ஐந்து முறை என்றாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வரும். எனவே டைப் சி கைப்பேசியில் பிடிப்பு தளர்ந்தால் துளையை மாற்றச் சொல்வதற்கு முன் புதுக் கேபிளில் செருகிப் பாருங்கள்.

அறுந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றிப் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்துங்கள். பத்து இழை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் முழு மின்னோட்டமும் அந்த நான்கில் ஓடி அந்த ஒரே இடம் சுடும். டேப் அந்தச் சூட்டை வெளியே தெரியாமல் மூடி வைக்கும். மோட்டாரில் உணவு கொண்டுபோகும் தம்பிகள் கைப்பேசியை ஹேண்டிலில் மாட்டிக் கேபிளைக் கீழே வளைத்து இழுத்து வைத்திருக்கிறார்கள்; அங்கே நேர் முனை சீக்கிரம் போகும். எல் வடிவ முனை உள்ள கேபிள் வாங்கினால் அந்த இடத்தில் வளைவே விழாது.

ஏறுகிறது, ஆனால் விடிய விடிய ஏறுகிறது

அதிகம் பேரைத் தொல்லைப்படுத்துவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

செருகியவுடன் திரையில் வரும் சொல்லைப் படியுங்கள். சாம்சங்கில் வெறும் 'சார்ஜிங்' என்று வருகிறதா, 'ஃபாஸ்ட்', 'சூப்பர் ஃபாஸ்ட்' என்று வருகிறதா? கைப்பேசியே சொல்லிவிடுகிறது. நேற்றுவரை 'சூப்பர் ஃபாஸ்ட்' காட்டியது இன்று வெறும் 'சார்ஜிங்' என்று காட்டினால் தலைக்கும் கைப்பேசிக்கும் நடுவில் பேச்சு நடக்கவில்லை. வேகமாக ஏற்றுவதற்கு முன் இரண்டும் கேபிள் வழியாக எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பேசி முடிவு செய்கின்றன. அந்தப் பேச்சு தடைப்பட்டால் மின்சாரம் வந்தாலும் வேகம் வராது.

பேச்சு சரியாக நடந்தும் மெதுவாக ஏறினால் கம்பியின் கனத்தைப் பாருங்கள். ஏ.டபிள்யூ.ஜி என்ற அளவில் எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது. 28 என்றால் மெல்லியது, 24 கனமானது, 20 இன்னும் கனம். 28-ஆம் எண் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் அது இரட்டித்து 0.43 ஓம் ஆகும். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் கரைந்துவிடும். தலை 5 வோல்ட் கொடுத்தாலும் கைப்பேசிக்கு 4.15 வோல்ட்தான் வந்து சேரும். அதே தூரத்தில் 24-ஆம் எண் கம்பி என்றால் இழப்பு ஏறத்தாழ 0.34 வோல்ட். வோல்ட் விழுவதைக் கைப்பேசி கவனித்து, "இந்த வழி தாங்காது" என்று தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் சார்ஜ் நிற்காமல், இழுத்துக்கொண்டே போகிறது.

இதிலிருந்து நீளத்தின் கணக்கும் புரியும். கட்டில் வரை எட்ட வேண்டும் என்று மெல்லிய மூன்று மீட்டர் கேபிள் வாங்கினால் இழப்பும் மூன்று மடங்கு. நீளம் கட்டாயம் வேண்டுமென்றால் கனமாக வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு மீட்டரோடு நிறுத்துங்கள். செம்பு என்று விற்பதில் உள்ளே அலுமினியம் வைத்து மேலே மட்டும் செம்பு பூசியதும் உண்டு. அலுமினியம் செம்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். கெட்டுப்போன மலிவுக் கேபிள் ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். விரல் கனத்துக்கு ரப்பர், அதற்குள் தலைமுடி போன்ற நான்கைந்து இழைகள், சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம். வெளியே கனமாக இருப்பது உறைதான் என்பதை அப்போது கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது வேகமாக ஏற்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் சொந்த முறை. ஓப்போ 2014-இல் ஃபைண்ட் 7 கைப்பேசியோடு கொண்டுவந்த வூக் முறை, வோல்ட்டை உயர்த்தாமல் மின்னோட்டத்தைக் கூட்டும் வழி. அதற்குக் கனமான தனிக் கேபிள் வேண்டும். இன்றைய சூப்பர் வூக்குக்கும் தனிக் கேபிள் வேண்டும். வேறு கேபிளில் செருகினால் ஏறும், பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஏறாது. வாவே கைப்பேசிகளின் சூப்பர்சார்ஜும் தன் கேபிளைத்தான் கேட்கும். இந்தக் கைப்பேசிகளை வைத்திருப்பவர்கள் பெட்டியில் வந்த கேபிளைப் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அதே நிறுவனத்துடையதை வாங்குங்கள். சாம்சங்கில் 25 வாட்டுக்குச் சாதாரண 3 ஆம்பியர் சி-சி கேபிள் (இரு முனையும் டைப் சி) போதும், 45 வாட்டுக்கு 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 45 வாட் தலை வாங்கிய பிறகும் வேகம் கூடவில்லை என்கிறவர்கள் கேபிளைப் பார்க்க வேண்டும்.

80 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது

கேபிளைத் தொடாதீர்கள். பேட்டரி ஆயுளைக் காக்கும் அமைப்பு அது. ஐபோனிலும் சாம்சங்கிலும் பேட்டரி அமைப்புகளில் இருக்கிறது. வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தபோது நின்றால் சூடு காரணம். நிழலுக்கு வந்ததும் தானாகத் தொடரும்.

ஏ–சி கேபிளில் ஏறுகிறது, சி–சி கேபிளில் ஏறவில்லை

ஏ–சி என்பது ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி ஏ, மறுமுனை டைப் சி உள்ள கேபிள். கையடக்க விசிறி, டார்ச் லைட், புளூடூத் ஒலிபெருக்கி போன்ற சிறு பொருள்களில் இது வரும். கேபிள் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கேபிள் மேல் குற்றமில்லை. டைப் சி துளை வைக்கும் எந்தப் பொருளும் "நான் மின்சாரம் வாங்குகிறவன்" என்று சொல்ல உள்ளே 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு வைக்க வேண்டும். சில காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டால் சி துளையுள்ள தலை எதிரே யார் என்று தெரியாமல் மின்சாரம் தராது. பழைய ஏ துளைத் தலை எதையும் கேட்காமல் 5 வோல்ட் தரும், அதனால் அதில் ஏறுகிறது. 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையிலேயே இந்த மின்தடை அமைப்பில் பிசகு இருந்து, சில கேபிள்களில் மட்டும் மின்சாரம் வாங்காமல் நின்றது; பிறகு திருத்தினார்கள். அப்படிப்பட்ட பொருளுக்கென்று ஏ–சி கேபிள் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

முனை சுடுகிறது, கருகிய வாடை வருகிறது

சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தக் கேபிளை மறுபடி எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பவர் பேங்குக்குக்கூட வேண்டாம். வேகமாக ஏறும்போது தலையும் கைப்பேசியும் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. முனை மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் உள்ளே தொடர்பு கெட்டிருக்கிறது.

ஏ–சி கேபிளில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. அதன் சி முனைக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பதிலாக 10 கிலோ ஓம் வைத்துவிட்டால், கைப்பேசி எதிரே 3 ஆம்பியர் இருக்கிறது என்று நம்பி இழுக்கும். எதிரே இருப்பதோ பழைய மடிக்கணினியின் சிறிய துளை. கெடப்போவது அந்தத் துளை. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015 முதல் இணையத்தில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து இதை வெளியே கொண்டுவந்தார். 2016-இல் கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியைக் கெடுத்தது. அதே ஆண்டு அமேசான் விதிக்கு ஒத்துவராத டைப் சி கேபிள்களைத் தடை செய்தது. ஒரு சின்ன மின்தடைக்காக இவ்வளவு உழைத்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் மரியாதை வருகிறது.

காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அறுந்து அறுந்து போகிறது

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வேஸ் வழிகாட்டிச் செயலியைப் போட்டுக்கொண்டு போகும்போது, ஈப்போ தாண்டுவதற்குள் திரை மறைந்து மறைந்து வந்தால் எரிச்சல்தான். கைப்பேசிச் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு மின்சாரம் மட்டும் போதாது, தகவலும் கேபிளில் ஓட வேண்டும். சில மலிவுக் கேபிள்களில் தகவல் கம்பியே கிடையாது, சார்ஜுக்கு மட்டும்தான். வீட்டில் அதே கேபிளில் கைப்பேசியைக் கணினியில் இணைத்துப் பாருங்கள். கோப்புகள் தெரியாமல் சார்ஜ் மட்டும் ஏறினால் காரிலும் அதே கதைதான். தகவல் போகும் கேபிள், ஒரு மீட்டருக்குள், தளராத முனை: காருக்கு இவ்வளவு போதும்.

இணைப்பு நிற்கிறது, ஆனால் வேஸ் ஓடும்போது சார்ஜ் குறைந்துகொண்டே போகிறது என்றால் கேபிள் காரணமல்ல. பழைய கார்களின் யூ.எஸ்.பி துளை 0.5 ஆம்பியர் கொடுத்தாலே பெரிது. திரை முழு வெளிச்சத்தில் எரிய அதற்கு மேல் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர்தான் வழி.

'ஈரம் இருக்கிறது' என்று எச்சரிக்கை

மாலை மழையில் நனைந்தபின் இது வந்தால் கட்டாயப்படுத்திச் சார்ஜ் ஏற்றாதீர்கள். துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, விசிறிக் காற்றுபடும் இடத்தில் வையுங்கள். அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். முழுக்கக் காய ஒரு நாள்கூட ஆகலாம். அரிசியில் புதைப்பதை ஆப்பிளே வேண்டாம் என்கிறது, தூளும் துகளும் உள்ளே போகும். ஹேர் டிரையரும் வேண்டாம்.

கைப்பேசி நனையவே இல்லை, எச்சரிக்கை மட்டும் வருகிறது என்றால் கேபிள் முனையைப் பாருங்கள். ஈரத்தோடு மின்சாரம் ஓடிய முனையில் தங்கப் பூச்சு அரித்து, ஒரு தொடர்பு மட்டும் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். கடற்கரைப் பக்கம், பினாங்கு போன்ற இடங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. கறுத்த முனையைத் துடைத்துப் பயன் இல்லை. அது நல்ல துளையையும் கறுக்க வைக்கும்.

சார்ஜில் இருக்கும்போது திரை தானாகத் தாவுகிறது, உடம்பில் சுர்ரென்கிறது

இது தலையின் குணம். மின்சாரத்தைச் சுத்தமாக வடிக்காத மலிவுத் தலை திரையின் தொடு உணர்வைக் குழப்பும். லேசான சுர்ரென்ற உணர்வு மண் இணைப்பு இல்லாத நல்ல சார்ஜர்களிலும் உலோக உடல் கைப்பேசியில் வரும். நம் ஊர் மூன்று முள் தலைகள் பலவற்றில் அந்த மேல் முள் வெறும் பிளாஸ்டிக். ஆனால் பெயர் தெரியாத தலையில் இது வந்தால் சந்தேகத்துக்கு இடமே வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். சுவர் மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவில் நிற்பது அந்தத் தலை மட்டும்தான். வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஒட்டுத்தாளைப் பார்த்து வாங்குங்கள்.

மடிக்கணினி 'மெதுவான சார்ஜர்' என்கிறது

குறியில்லாத சாதாரண சி-சி கேபிள் 20 வோல்ட், 3 ஆம்பியர், அதாவது 60 வாட்டோடு நிற்கும். அதற்கு மேல் போக முனைக்குள் சிறு சிப் ஒன்று இருந்து "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்ல வேண்டும். பழைய விதியில் அது 100 வாட் வரை, 2021-இல் வந்த விதியில் 240 வாட் வரை. உறையில் 100 வாட் என்று அச்சடித்திருந்தும் சிப் இல்லையென்றால் மடிக்கணினி 60-ஐத் தாண்டாது.

இன்னொன்று. வாட் கூடினால் தகவல் வேகமும் கூடும் என்று நினைக்க வேண்டாம். 240 வாட் கேபிளிலும் தகவல் வேகம் நொடிக்கு வெறும் 480 மெகாபிட்டாக இருக்கலாம். ஐபோன் 15 பெட்டியில் வந்த கேபிளும் அந்த வேகம்தான். கல்யாணக் காணொளியை வெளி டிஸ்க்கில் ஏற்றுகிறவர்களும், திரையை டிவியில் காட்டுகிறவர்களும் உறையில் ஜிகாபிட் எண்ணையும் பார்க்க வேண்டும்.

வாங்கப் போகும்போது

புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவோ, பினாங்கில் பிராங்கின் மாலோ, இரவுச் சந்தையின் கூடையோ, எங்கே வாங்கினாலும் உறையில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: ஆம்பியர் அல்லது வாட், நீளம், தகவல் வேகம். 'சூப்பர் ஃபாஸ்ட்' என்று பெரிதாகப் போட்டு எண்ணே இல்லாததை வைத்துவிட்டு வாருங்கள். லைட்னிங் கேபிள் என்றால் ஆப்பிளின் 'மேட் ஃபார் ஐபோன்' முத்திரை வேண்டும். இல்லாததில் 'இந்தத் துணைக்கருவிக்கு ஆதரவு இல்லை' என்ற எச்சரிக்கை வந்து நிற்கலாம்.

பின்னல் உறை அழகாக இருக்கிறது, சிக்கலாவதும் குறைவு. ஆனால் உள்ளே கம்பி எப்படி என்பதை அது சொல்லாது. நான் முதலில் பார்ப்பது முனையும் கம்பியும் சேரும் கழுத்தை. அது நீளமாக, வளைத்தால் மெதுவாக வளைந்து திரும்புகிறதா என்று பார்ப்பேன். கழுத்தே இல்லாமல் முனையிலிருந்து நேராகக் கம்பி புறப்பட்டால் அது அங்கேதான் அறும்.

குடும்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: தலைமாட்டுக்கு 60 வாட் சி-சி கேபிள் ஒன்று, மடிக்கணினி இருந்தால் 240 வாட் ஒன்று, விசிறி டார்ச் வகையறாவுக்கு ஏ–சி ஒன்று. சூப்பர் வூக் போன்ற சொந்த முறைக் கைப்பேசி இருந்தால் அதன் கேபிள் தனி. ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்னத் தாளில் வாட்டையும் வாங்கிய மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

கடையிலேயே காசு கொடுக்கும் முன் உங்கள் கைப்பேசியில் செருகிப் பார்க்கக் கேளுங்கள். "அண்ணே, ஒரு தடவ போட்டுப் பாத்துக்கிறேன்" என்றால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். பேட்டரி நிறைந்திருந்தால் வேகம் தெரியாது, அதனால் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும்போது போங்கள். திரையில் வரும் சொல்லைப் படியுங்கள், கேபிளைப் புரட்டிப் போட்டு இன்னொரு தடவை படியுங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாத சி கேபிள் புதிதிலேயே கெட்டது. இரண்டு பக்கமும் ஒரே சொல் வந்தால் ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.